வரலாற்றில் இன்று: ஒரே நிகழ்வுக்கு இரண்டு தேதி இருந்தால் எதை எழுதுவது?

#1 | நாட்குறிப்பு

வணக்கம் நண்பர்களே. ஒரு வாசகசாலையின் அறிவிப்புப் பலகைக்காக 'வரலாற்றில் இன்று' தொகுப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். 366 நாளுக்கும் வேண்டும்: நாளொன்றுக்கு நாலைந்து நிகழ்வு, இரண்டு மூன்று பிறந்தநாள். முதல் மூன்று மாதம் மளமளவென்று ஓடிவிட்டது. ஏப்ரல் 23-இல் வந்து நிற்கிறேன்.

1616 ஏப்ரல் 23 அன்று ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். 1995-இல் யுனெஸ்கோ ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்தபோதும் இதையே ஒரு காரணமாகச் சொன்னது. தோண்டிப் பார்த்தால் கதை வேறு. அப்போது ஸ்பெயினில் கிரிகோரியன் நாட்காட்டி, இங்கிலாந்தில் பழைய ஜூலியன். ஷேக்ஸ்பியர் கண்மூடிய ஏப்ரல் 23, ஸ்பெயின்காரர்களுக்கு மே 3. போதாததற்கு, செர்வான்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, 23 என்பது அடக்கம் நடந்த நாள் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

ஆக, இருவருக்கும் இடையே பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. பலகையில் என்ன எழுத? இருவரையும் ஏப்ரல் 23-இல் போட்டால் பொய்யாகிறது. ஷேக்ஸ்பியரை மே 3-க்குத் தள்ளினால் ஒருவருக்கும் புரியாது. இதைப் படிக்கப்போவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 | கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. விஷயம் தெரியாமல் வந்து படிப்பவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஜூலியன் நாட்காட்டியில் ஓர் ஆண்டு 365 நாள் 6 மணி. பூமியின் பருவச் சுற்று அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. வருடம் 11 நிமிடம்தானே என்று விட்டால் ஏறத்தாழ 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகும். 16-ஆம் நூற்றாண்டில் வசந்தகாலச் சமநாள் (பகலும் இரவும் சமமாகும் நாள்) மார்ச் 21-இலிருந்து மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டது. ஈஸ்டர் தேதி அதை வைத்துக் கணிக்கப்படுவதால் திருச்சபைக்குத் தலைவலி. போப் 13-ஆம் கிரிகோரி பத்து நாளை வெட்டினார்; அவர் பெயரால்தான் இது கிரிகோரியன். 1582 அக்டோபர் 4 வியாழன்; மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் புனித தெரசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். அவருடைய திருநாள் இன்று அக்டோபர் 15-இல் வருகிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். தேதி குதித்ததே தவிர கிழமை குதிக்கவில்லை. வியாழனுக்குப் பின் வெள்ளிதான். பழைய ஆவணத்தில் தேதியோடு கிழமையும் இருந்தால் அது எந்த நாட்காட்டி என்று கண்டுபிடித்துவிடலாம். என் கையில் உள்ள நம்பகமான ஆயுதம் இதுதான்.

இனிமேல் இது போல் ஆகாமலிருக்க, நூறாம் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடாதவை லீப் வருடம் இல்லை என்று விதி போட்டார்கள். 1700, 1800, 1900 மூன்றிலும் பிப்ரவரி 29 கிடையாது. ஜூலியனில் உண்டு. அதனால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். 1700 பிப்ரவரி வரை 10 நாள், பிறகு 1800 வரை 11, 1900 வரை 12, அதற்குப் பிறகு இன்றுவரை 13.

எல்லா நாடும் ஒரே நேரத்தில் மாறவில்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் உடனே. பிரிட்டன் 1752-இல்: செப்டம்பர் 2 புதன், மறுநாள் 14 வியாழன். ரஷ்யா 1918-இல், கிரீஸ் 1923-இல்.

என் யோசனை: நிகழ்வு நடந்த இடத்தில் அன்று எந்த நாட்காட்டி புழக்கத்தில் இருந்ததோ அந்தத் தேதியையே எழுதுங்கள். பக்கத்தில் 'பழைய முறை' என்று ஒரு குறிப்பு போதும்.

#3 | செங்காந்தள்

ஏப்ரல் 23 மாதிரியே இன்னொரு பிரபலமான கதை இருக்கிறது. உங்கள் ஜனவரிப் பட்டியலில் ஏற்கெனவே ஏறியிருக்கவும் கூடும்.

"கலிலியோ மறைந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்." கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஒருவர் தீபத்தை வைக்க மற்றவர் எடுத்துக்கொண்டதுபோல. கலிலியோ மறைந்தது 1642 ஜனவரி 8. அது கிரிகோரியன், ஏனென்றால் இத்தாலி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். அது ஜூலியன், ஏனென்றால் இங்கிலாந்து. இப்போது இருவரையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள்:

கிரிகோரியனில் கலிலியோ 1642 ஜனவரி 8, நியூட்டன் 1643 ஜனவரி 4.
ஜூலியனில் கலிலியோ 1641 டிசம்பர் 29, நியூட்டன் 1642 டிசம்பர் 25.

எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரே ஆண்டில் வரவில்லை. ஒருவருக்கு ஒரு நாட்காட்டி, மற்றவருக்கு வேறொன்று என்று எடுத்தால்தான் அந்தப் பொருத்தம் கிடைக்கிறது. அதனால் கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன 'அந்தந்த ஊர் தேதி' என்ற விதி தனித்தனி நிகழ்வுக்குச் சரி. இரண்டு நிகழ்வை ஒப்பிடும்போது அதே விதி நம்மை ஏமாற்றும். ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே நாட்காட்டிக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும்.

ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8, கலிலியோ மறைந்து சரியாக 300 ஆண்டு கழித்து. அது உண்மையான பொருத்தம், ஏனென்றால் இரண்டு தேதியும் கிரிகோரியன். இதை மனதாரப் பலகையில் எழுதலாம்.

#4 | இரவுப்பறவை

எல்லோரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை.

'வரலாற்றில் இன்று' என்பதன் சுவையே அந்தப் பொருத்தங்களில்தானே இருக்கிறது? 1809 பிப்ரவரி 12: லிங்கனும் டார்வினும் ஒரே நாளில் பிறந்தார்கள். ஒருவர் கென்டக்கி மரக்குடிசையில், மற்றவர் ஷ்ரூஸ்பரியில் வசதியான மருத்துவர் வீட்டில். படித்தவுடன் ஒரு பிள்ளை இரண்டு பேரையும் தேடிப் படிக்கும். மார்க் ட்வெயின் பிறந்தது 1835 நவம்பர் 30, ஹாலி வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கி இரண்டு வாரம் கழித்து. அது திரும்பி வந்து 1910 ஏப்ரல் 20-இல் சூரியனை நெருங்கியது, மறுநாள் அவர் போனார். வந்தபோது வந்தேன், அது வரும்போது போவேன் என்ற பொருளில் முந்தைய ஆண்டே சொல்லியும் இருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே 1826 ஜூலை 4. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு. அதை எழுதிய ஜெபர்சன் 83 வயதில் வர்ஜீனியாவில் மதியத்தை ஒட்டி இறக்கிறார். அதற்காக வாதாடிய ஜான் ஆடம்ஸ் 90 வயதில் மாசசூசெட்ஸில் அதே மாலை இறக்கிறார். முதலில் நண்பர்கள், பிறகு அரசியல் எதிரிகள், கடைசிக் காலத்தில் மறுபடி நண்பர்களாகிக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1831-இல், ஐந்தாம் குடியரசுத் தலைவர் மன்றோவும் ஜூலை 4-இலேயே இறந்தார்.

இதையெல்லாம் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. அதைப் போய் அடிக்குறிப்பு போட்டு ஆற வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

#5 | கணக்குப்பிள்ளை

இரவுப்பறவை, நீங்கள் சொன்ன அத்தனையும் ஒரே நாட்காட்டியில் உறுதியாக நிற்பவை. யாரும் தொடப்போவதில்லை. தாராளமாக எழுதலாம்.

ஆனால் பொருத்தம் என்பது நாம் நினைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தால் போதும், யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு 50 விழுக்காட்டுக்கு மேல். 57 பேர் என்றால் 99 விழுக்காடு. காரணம், 23 பேரில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 ஜோடி வருகிறது. 'யாரோ இருவர்' என்பதை விட்டுவிட்டு 'என் பிறந்தநாளில் பிறந்த ஒருவர்' என்று கேட்டால், பாதிக்குப் பாதி வாய்ப்புக்கே 253 பேர் தேவை. வரலாற்றில் பெயர் பெற்றவர்கள் பல்லாயிரம் பேர். அதில் ஒரே நாளில் பிறந்த இரு மேதைகள் கிடைக்காவிட்டால்தான் வியப்பு.

ஹாக்கிங்கே இதைச் சொல்லியிருக்கிறார். தான் பிறந்த அன்று உலகில் இன்னும் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு.

ஜூலை 4 பற்றி ஒன்று. விடுதலைத் தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறியது 1776 ஜூலை 2. வருங்காலம் ஜூலை 2-ஐத்தான் கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் மறுநாள் மனைவிக்குக் கடிதம் எழுதினார். 4-ஆம் தேதி ஏற்கப்பட்டது பிரகடனத்தின் வாசகம். பெரும்பாலோர் அதில் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஒரே விடுதலைக்கு மூன்று தேதி!

#6 | வடக்குவாசல்

ரஷ்யா பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய சுரங்கம் கிடையாது.

அக்டோபர் புரட்சி நடந்தது 1917 அக்டோபர் 25. சோவியத் நாடு அதைக் கொண்டாடியது நவம்பர் 7. அதே ஆண்டு பிப்ரவரிப் புரட்சி தொடங்கியது பிப்ரவரி 23, நம் கணக்கில் மார்ச் 8. பெட்ரோகிராட் நகரின் நெசவாலைப் பெண்கள் அன்று ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அது ஏற்கெனவே பெண்கள் நாளாகக் கடைப்பிடிக்கப்பட்ட நாள். இன்று உலகம் முழுதும் மார்ச் 8-ஐ மகளிர் நாள் என்று கொண்டாடும் வழக்கம் உறுதிப்பட்டதில் இந்த நிகழ்வுக்குப் பெரிய பங்கு உண்டு. 'பிப்ரவரிப் புரட்சி' மார்ச்சில், 'அக்டோபர் புரட்சி' நவம்பரில். பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லாமல் தேதியை மட்டும் எழுதினால் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

1918-இல் லெனின் அரசு நாட்காட்டியை மாற்றியது. ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் 13 வரை ரஷ்யாவில் நடந்தது என்று எதையாவது யாராவது எழுதியிருந்தால் எந்த முறை என்று கேளுங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. ரஷ்யத் தேதி என்றாலே 13-ஐக் கூட்டிவிடுவது பலருடைய பழக்கம். 1900-க்குப் பிறகுதான் 13. அதற்கு முன் 12, அதற்கும் முன் 11. கவிஞர் புஷ்கின் பிறந்தது 1799 மே 26. 18-ஆம் நூற்றாண்டு என்பதால் 11 கூட்டி ஜூன் 6. வேதியியலாளர் மெண்டலீவ் 1834 ஜனவரி 27, 12 கூட்டி பிப்ரவரி 8. இதில் ஓர் அரசாங்கமே சறுக்கியிருக்கிறது. நெப்போலியனுக்கு எதிரான போரதினோ போர் 1812 ஆகஸ்ட் 26, அதாவது செப்டம்பர் 7. ரஷ்யாவின் இராணுவப் பெருமை நாட்கள் சட்டத்தில் அது செப்டம்பர் 8 என்று இருக்கிறது. 12-க்குப் பதில் 13-ஐக் கூட்டிய விளைவு. இன்றும் 8-ஆம் தேதிதான் நினைவு நாள்.

உங்கள் பட்டியலில் செப்டம்பர் 7-இல் 'போர் நடந்த நாள்' என்றும், 8-இல் 'ரஷ்யாவில் நினைவு நாள்' என்றும் போடுங்கள். இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு செய்தி.

#7 | நட்சத்திரவாசி

நாட்காட்டியைவிடக் கடிகாரம் பெரிய வில்லன். 20-ஆம் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஜூலியன் தொல்லை குறைவு, நேர மண்டலத் தொல்லை அதிகம்.

நிலவில் கால் வைத்தது எந்த நாள்? எல்லோரும் 1969 ஜூலை 20 என்பார்கள். ஈகிள் என்ற இறங்கு கலம் தரையிறங்கியது உலக நேரப்படி ஜூலை 20 இரவு 8.17. சரி. ஆனால் ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தது உலக நேரப்படி ஜூலை 21 அதிகாலை 2.56. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது இன்னும் 20-ஆம் தேதி இரவு 11 மணிகூட ஆகவில்லை. இந்தியாவில் 21-ஆம் தேதி காலை 8.26, பொழுது நன்றாக விடிந்துவிட்டது. 'தரையிறங்கியது 20, கால் பதித்தது உலக நேரப்படி 21' என்று இரண்டாகப் பிரித்து எழுதினால் தவறே வராது.

ஜப்பான் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தைத் தாக்கியது அமெரிக்கப் புத்தகங்களில் 1941 டிசம்பர் 7. ஜப்பானியப் புத்தகங்களில் டிசம்பர் 8. இடையில் சர்வதேசத் தேதிக்கோடு. ஜப்பான் மலாயாவில் கோத்தபாருவில் படை இறக்கியது டிசம்பர் 8 என்று இருக்கும், அதனால் பேர்ல் ஹார்பருக்கு மறுநாள் என்று தோன்றும். உண்மையில் கோத்தபாரு கொஞ்சம் முந்தி நடந்தது!

ஜெர்மனியின் சரணாகதி அமலுக்கு வந்தது 1945 மே 8 இரவு 11.01. மாஸ்கோவில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அதனால் மேற்கு ஐரோப்பாவுக்கு வெற்றி நாள் 8, ரஷ்யாவுக்கு 9. ஸ்புட்னிக்கும் அப்படித்தான். மாஸ்கோ நேரப்படி 1957 அக்டோபர் 4 இரவு, ஏவுதளம் இருந்த கஜகஸ்தானில் 5-ஆம் தேதி பிறந்துவிட்டது.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் எல்லோருக்கும் ஒன்றில்லை. யூத, இஸ்லாமிய நாட்காட்டிகளில் சூரியன் மறைந்தால் அடுத்த நாள். வானியலாளர்கள் 1925-க்கு முன்வரை நண்பகலில்தான் நாளைத் தொடங்கினார்கள். இரவு முழுக்க எடுக்கும் குறிப்பு ஒரே தேதியில் இருக்கவேண்டும் என்பதற்காக. நமக்குப் பஞ்சாங்கக் கணக்கில் விடிந்தால்தான் மறுநாள். பாரதியார் நினைவு நாளில் உள்ள குழப்பம் இதில்தான் பிறந்தது. 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில் உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்கில் 12. விடியலை வைத்து எண்ணினால் 11. இரண்டு தேதியும் புத்தகங்களில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு மகாகவி நாளாகக் கடைப்பிடிப்பது செப்டம்பர் 11.

#8 | இரவுப்பறவை

பாரதியாருக்கு நீங்களாக இருந்தால் எதைப் போடுவீர்கள்?

#9 | நட்சத்திரவாசி

செப்டம்பர் 11-இல் 'மகாகவி நாள்' என்று போடுவேன். 12-இல் 'அதிகாலை சுமார் 1.30 மணிக்கு மறைந்தார்' என்று நேரத்தோடு போடுவேன். நேரத்தைச் சொல்லிவிட்டால் சண்டைக்கே இடமில்லை. டைட்டானிக்கும் இப்படியே. பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40, மூழ்கியது 15 அதிகாலை 2.20.

#10 | மல்லிகைப்பந்தல்

நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. பிறந்தநாள் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

நாட்காட்டி, நேரம் இரண்டும் சரியாகத் தெரிந்தாலும், பிறந்த தேதியே பதிவாகாதவர்கள்தான் வரலாற்றில் அதிகம். பீத்தோவன் பிறந்தநாள் டிசம்பர் 16 என்று எல்லா இடத்திலும் இருக்கும். கையில் இருக்கும் ஆவணம், 1770 டிசம்பர் 17-இல் பான் நகரில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு மட்டுமே. 16 என்பது ஊகம். ஷேக்ஸ்பியருக்கும் 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானப் பதிவுதான் உண்டு. 23 என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அவர் இறந்ததும் 23, புனித ஜார்ஜ் திருநாளும் 23 என்பதால் நன்றாகப் பொருந்திவிட்டது.

ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்நாள் முழுக்கத் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே சொல்லிவந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயப் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. பிறந்தது 1901 ஆகஸ்ட் 4. ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு யார் சான்றிதழ் வைத்திருக்கப் போகிறார்கள்? நாட்டின் பிறந்தநாளையே தனக்கும் எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் இரண்டு தேதியிலும் அவரை எழுதலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் டென்சிங் நார்கே. அவர் எப்போது பிறந்தார் என்பதற்குத் திட்டமான தேதி இல்லை. 1953 மே 29 காலை 11.30 மணிக்கு ஹிலாரியோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அதன்பிறகு மே 29-ஐயே தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். பெற்றோர் கொடுக்காத தேதியைத் தன் கால்களால் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்தவர். அந்தச் செய்தி லண்டனில் வெளியானது ஜூன் 2 காலை, எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா அன்று. அதனால் ஜூன் 2-இல் எவரெஸ்ட் வெல்லப்பட்டது என்று நினைப்பவர்களும் உண்டு.

ஸ்டாலின் வேறு ரகம். அதிகாரபூர்வப் பிறந்தநாள் 1879 டிசம்பர் 21. தேவாலயப் பதிவேட்டில் 1878 டிசம்பர் 6, நம் கணக்கில் 18. ஓர் ஆண்டுக்கு மேல் வித்தியாசம்! சோவியத் நாடு முழுவதும் பதிவேட்டில் இல்லாத தேதியில் விழா எடுத்துக்கொண்டிருந்தது.

பிறந்தநாளை எழுதும்போது 'பிறந்தார்', 'பிறந்ததாகக் கருதப்படுகிறது', 'பிறந்தநாளாகக் கொண்டாடினார்' என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பலகையில் ஒரு சொல்தான் கூடும்.

#11 | கணக்குப்பிள்ளை

மே 29 என்றதும் நினைவுக்கு வருகிறது. கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) வீழ்ந்தது 1453 மே 29, செவ்வாய்க்கிழமை. எவரெஸ்ட் சரியாக 500 ஆண்டு கழித்து என்று போட்டுவிடாதீர்கள். 1453-இல் ஜூலியன் மட்டும்தான் இருந்தது. கிரிகோரியனுக்கு மாற்றினால் ஜூன் 7. அதற்காக மே 29-ஐ மாற்றி எழுதவும் கூடாது. 1582-க்கு முந்தைய தேதிகளை அப்படியே விடுவது வரலாற்றாசிரியர்களின் வழக்கம். கொலம்பஸின் 1492 அக்டோபர் 12-உம் ஜூலியன்தான். தேதி இருக்கட்டும், 500 என்ற கணக்கு வேண்டாம்.

#12 | செங்காந்தள்

பிப்ரவரி 29-ஐ மறக்காதீர்கள் நாட்குறிப்பு. அன்று பிறந்தவர்கள்: இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி 1792, மொரார்ஜி தேசாய் 1896. இருவருமே நூறாம் ஆண்டுக்குச் சற்று முந்தைய லீப் வருடங்களில் பிறந்தவர்கள். ரோசினிக்கு 1796-க்குப் பிறகு 1804 வரை பிப்ரவரி 29 இல்லை. மொரார்ஜிக்கு எட்டு வயதில்தான் முதல் பிப்ரவரி 29 வந்தது.

ஸ்வீடன் நாட்காட்டியில் 1712-இல் பிப்ரவரி 30 ஒன்றும் இருந்தது. லீப் நாட்களை ஒவ்வொன்றாக விட்டு மெதுவாக மாறலாம் என்று 1700-இல் தொடங்கினார்கள். அடுத்த இரண்டு லீப் நாட்களை விட மறந்து, கடைசியில் பழைய கணக்குக்கே திரும்ப ஒரு நாளைக் கூட்டிக்கொண்டார்கள். 367-ஆவது அட்டை ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள்.

#13 | வடக்குவாசல்

இன்னொரு வகையும் இருக்கிறது: தானாக வந்து பொருந்திய தேதி வேறு, மனிதர்கள் வேண்டுமென்றே தேர்ந்த தேதி வேறு. இரண்டையும் ஒரே வியப்போடு எழுதக்கூடாது.

இந்தியக் குடியரசு 1950 ஜனவரி 26-இல் தொடங்கியது தற்செயல் இல்லை. 1930 ஜனவரி 26-ஐக் காங்கிரஸ் முழு விடுதலை நாளாகக் கொண்டாடியது. அந்த நினைவுக்காகவே காத்திருந்து அரசியலமைப்பை அன்று அமலாக்கினார்கள். 1947-இல் மவுண்ட்பேட்டன் ஆகஸ்ட் 15-ஐச் சொன்னதற்கு, ஜப்பான் பணிந்த அறிவிப்பின் இரண்டாம் ஆண்டு அது என்பது காரணம். நேர்மாறாக, நெப்போலியனும் அரவிந்தரும் ஆகஸ்ட் 15-இல் பிறந்தது வெறும் தற்செயல்.

வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தேதியும் உண்டு. ஜெர்மனியில் நவம்பர் 9. 1918-இல் அன்று முடியாட்சி விழுந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923-இல் அன்று மியூனிக்கில் ஹிட்லரின் கலகம் முறியடிக்கப்பட்டது. 1938-இல் அந்த இரவில்தான் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. 1989-இல் அன்று பெர்லின் சுவர் திறந்தது. சுவர் திறந்த நாள் தேசிய நாளாக ஆகியிருக்கவேண்டும். 1938-இன் நிழல் அதன்மேல் இருக்கும்போது அந்த நாளில் கொண்டாட மனம் வருமா? அதனால் சட்டப்படி இணைப்பு நடந்த 1990 அக்டோபர் 3 தேசிய நாளானது. நவம்பர் 9-க்கு மட்டும் மற்ற வரிகளைக் குறைத்துக்கொண்டு இந்த நான்கையும் வரிசையாக எழுதுங்கள்.

#14 | இரவுப்பறவை

அப்படியானால் ஏப்ரல் 12 எந்த வகை? 1961-இல் ககாரின் விண்வெளிக்குப் போனார், சரியாக இருபது ஆண்டு கழித்து 1981-இல் முதல் விண்வெளி ஓடம் கொலம்பியா கிளம்பியது. அமெரிக்கர்கள் வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தார்களா?

#15 | நட்சத்திரவாசி

இல்லை. கொலம்பியா கிளம்பவேண்டியது ஏப்ரல் 10. கணினிகளுக்கிடையே நேர ஒத்திசைவுச் சிக்கல் வந்து இரண்டு நாள் தள்ளிப்போனது. தூய தற்செயல். உங்கள் சிலிர்ப்புக்கு எந்தப் பங்கமும் இல்லை 🙂

#16 | செங்காந்தள்

தேர்ந்த தேதி, தேர்ந்த மணி இரண்டுக்கும் உதாரணம் 1918 நவம்பர் 11. முதல் உலகப்போரின் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்தானது அதிகாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பிறகு. அமல் காலை 11 மணிக்கு. பதினோராம் மாதம், பதினோராம் நாள், பதினோராம் மணி என்று எல்லோரும் எழுதுகிறோம். இடைப்பட்ட ஆறு மணி நேரத்திலும் பீரங்கிகள் ஓயவில்லை. ஹென்றி கன்தர் என்ற அமெரிக்கப் படைவீரர் இறந்த நேரம் 10.59 என்று பதிவாகியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பலகையில் சேருங்கள், தயவுசெய்து. தேதியின் அழகை மட்டும் எழுதிவிட்டு அவரை விடக்கூடாது.

#17 | நாட்குறிப்பு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். இப்படிச் செய்யலாம் என்று தீர்மானித்திருக்கிறேன்.

ஊரில் அன்று புழங்கிய தேதியே தலைப்பில். அது பழைய முறை என்றால் 'ப.மு.' என்று சேர்த்து, கிரிகோரியன் தேதியை அதே வரியில் கொடுப்பேன். இருவரை ஒப்பிடும் வரி என்றால் இருவருக்கும் ஒரே நாட்காட்டி. நள்ளிரவை ஒட்டிய நிகழ்வுக்கு மணியும் எந்த ஊர் நேரம் என்பதும். பிறந்தநாளுக்கு மல்லிகைப்பந்தல் சொன்ன மூன்று வகை. இரவுப்பறவை கவலைப்படவேண்டாம், அடிக்குறிப்பு எங்கும் இல்லை, எல்லாமே வரிக்குள்ளேயே வரும்.

ஏப்ரல் 23 அட்டை இப்போதைக்கு இப்படி இருக்கிறது:

"1616: ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் மறைந்தார் (ப.மு.; இன்றைய கணக்கில் மே 3). அதே ஆண்டு ஸ்பெயினில் ஏப்ரல் 22-இல் மறைந்ததாகக் கருதப்படும் செர்வான்டிஸ் 23-இல் அடக்கம் செய்யப்பட்டார். இரு நாடுகளிலும் ஏட்டில் ஒரே தேதி, ஆனால் இடையே பத்து நாள். இருவர் நினைவாகவும் இன்று உலகப் புத்தக நாள்."

சரியாக இருக்கிறதா?

#18 | கணக்குப்பிள்ளை

நன்றாக இருக்கிறது. 'இருவர் நினைவாகவும்' என்பதை 'இவர்கள் உள்ளிட்ட எழுத்தாளர்களின் நினைவாக' என்று மாற்றினால் நல்லது. யுனெஸ்கோ வேறு சில எழுத்தாளர்களின் பெயரையும் சேர்த்தே சொன்னது.

ஜனவரிப் பட்டியலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஜனவரி 30-இல் காந்தியடிகள் கொல்லப்பட்டது 1948, ஹிட்லர் பதவியேற்றது 1933, இவை இரண்டும் கிரிகோரியன். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டது 1649 ஜனவரி 30 என்று இருந்தால் அதற்கு ப.மு. போடவேண்டும், நம் கணக்கில் பிப்ரவரி 9. அக்கால இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறப்பது மார்ச் 25-இல் என்பதால், அன்றைய ஆவணங்களில் வருடமே 1648 என்றுதான் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் 24 வரை இங்கிலாந்து சம்பந்தப்பட்ட 1752-க்கு முந்தைய எல்லா வரிகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஜார்ஜ் வாஷிங்டனும் அந்தக் கூட்டத்தில்தான் வருவார்: 1731 பிப்ரவரி 11 என்று பிறந்து 1732 பிப்ரவரி 22 ஆனவர்.

#19 | நாட்குறிப்பு

சார்லஸ், வாஷிங்டன் இருவர் அட்டையும் இன்றிரவே மாற்றிவிடுகிறேன். மே மாதப் பட்டியல் தயாரானதும் இதே இழையில் போடுகிறேன். 8, 9, 29 மூன்றையும் முதலில் பாருங்கள்.